திருப்பிப் போட்ட பலகை

ஜனவரி 9

தம்பிக்கு,

போன் இருக்கும்போது அண்ணி ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரல். அவர் போன பிறகு ஒரு தடவை கூப்பிட்டு, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை.

அதனால் எழுத்து. இதில் உனக்குக் குரல் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வேலை அறையை இத்தனை மாதம் பூட்டியே வைத்திருந்தேன். போன வாரம் திறந்தேன். கிடார் மேசைமேல் இருந்தது. கிடார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கழுத்து தனியாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது, உடம்பு தனியாகப் படுத்திருக்கிறது. இடித்த கட்டடத்திலிருந்து வாங்கி வந்தாரே ஒரு கதவு, அதை அறுத்து, இடுப்பு வளைவு வைத்து, இழைத்து எடுத்த பலகை. இரண்டு விரல் கனம்.

உங்கள் சண்டை எனக்கு மறக்கவில்லை. தந்தியை முன்பக்கமே ஒரு தகடு அடித்து அதில் மாட்டிவிடலாம் என்றார் அவர். நீ ஒத்துக்கொள்ளவில்லை. பின்பக்கத்திலிருந்து நுழைந்து, உடம்புக்குள்ளேயே போய், முன்னால் வெளியே வரவேண்டும், அப்போதுதான் சத்தம் மரத்தில் இறங்கும் என்றாய். "ஆறு துளைடா. கையால போடணும். ஒண்ணு கோணினாலும் ஒரு வருஷ வேலை போச்சு" என்றார். நீ "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாய். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு வேலை கிடைத்தது என்று ஊரை விட்டே போனாய்.

அவர் துளை போட்டிருக்கிறார், தம்பி.

ஆறும் போட்டிருக்கிறார். ஆனால் ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை. முன்பக்கம் வரிசையாக ஆறு வாய். பின்பக்கம் மொழுமொழுவென்று மூடிக் கிடக்கிறது. நான் அறையைத் திறந்தபோது பின்பக்கம்தான் மேலே இருந்தது. அதனால் முதலில் துளையே தெரியவில்லை. தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். முன்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுப் பூட்டினேன்.

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து திறந்தால் பின்பக்கம் மேலே இருக்கிறது.

சாவி என் பையில்தான் இருந்தது. பூனை நுழைய வழி இல்லை. நுழைந்தாலும் அந்தக் கனத்தைப் புரட்டுகிற பூனையை நான் பார்த்ததில்லை. மறுபடி சரியாக வைத்தேன். சில நாள் சும்மா கிடந்தது. பிறகு மறுபடி திரும்பியிருந்தது. என் கையே இதைச் செய்கிறதோ என்றும் யோசித்தேன். தெரியவில்லை.

மீதித் துளையை எப்படிப் போடுவது என்று எழுது. முடித்துவிட்டால் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. எது அடங்கும் என்று கேட்காதே.

அண்ணி

 

ஜனவரி 20

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கூட வேலை செய்கிறவன் பெயர் மூக்கன் (மூக்கு ரொம்பச் சின்னது, அதனால்), அவன்தான் வாங்கி வைத்திருந்தான். "இந்தக் காலத்துல யாருடா உனக்கு லெட்டர் போடுறது? லவ்வா?" என்றான். அண்ணி என்றேன். "அப்ப திட்டித்தான் எழுதியிருப்பாங்க" என்று நீட்டினான். திட்டு இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

பலகை பற்றி. பழைய மரம். வெயிலுக்கும் ஈரத்துக்கும் வளையும். மேசை சமமாக இல்லாவிட்டால் வழுக்கும். மேலே ஒரு செங்கலை வையுங்கள், சரியாகிவிடும்.

துளையை விட்டுவிடுங்கள். யார் வாசிக்கப் போகிறார்கள்? அண்ணனுக்கே வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

இங்கே வேலை ஓயவில்லை. பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது. யாரும் பொத்தானை அழுத்தாமலே நாலாவது மாடிக்குப் போய் நிற்கிறது. கதவு திறக்கிறது. காத்திருக்கிறது. மூடிக்கொள்கிறது. ஒயர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். நாலாவது மாடியில் குடியே இல்லை. "பேயை ஏத்திக்கிட்டு வருதுடா, டிக்கெட் கேளு" என்கிறான் மூக்கன். பேய் இல்லை, ஈரம். எங்கேயோ ஈரம் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு ஈரம் இருக்கும், அண்ணி.

லீவு கிடைப்பது கஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

 

ஜனவரி 31

தம்பி,

செங்கல் வைத்தேன்.

நேற்று திறந்தேன். செங்கல் பலகையின் மேல்தான் இருக்கிறது, நடுவில், நான் வைத்த மாதிரியே. பலகை மட்டும் திரும்பியிருக்கிறது.

ஈரம் என்று எழுதாதே.

எனக்குப் பயம் என்று நினைக்கிறாய். முதலில் இருந்தது. இப்போது என்ன நடக்கிறது என்றால், கடையில் சாயங்காலம் ஆனதும் மணி பார்க்கிறேன். "இப்பல்லாம் வீட்டுக்கு ஓடுறதுலயே இருக்கீங்க, யாரு காத்திருக்கா?" என்று முதலாளி கேலி செய்கிறார். பாவம், கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் வெளுத்துவிட்டது. "பரவாயில்ல சார்" என்றேன்.

அவர் போன அன்றைக்கு நீ வந்தாய். வாசலில் நின்றாய், எல்லாம் முடிந்ததும் அன்று சாயங்கால வண்டிக்கே போய்விட்டாய். அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒருவர் போய்விட்டால், கடைசி நிறுத்தம்வரை தூங்குகிறார் என்றே கண்டக்டர் நினைத்திருந்தால், அதன் பிறகு யார் எந்த அறையைப் பார்ப்பது?

ஆனால் இப்போது கேட்கிறேன். நீ வர வேண்டாம். நானே போடுகிறேன். கை டிரில் இருக்கிறது, துளைக்கிற பிட் அதிலேயே மாட்டியிருக்கிறது, அவர் கடைசியாக மாட்டியது. வழியை மட்டும் சொல்.

அண்ணி

 

பிப்ரவரி 10

அண்ணிக்கு,

பெரிய வித்தை எதுவும் இல்லை. பலகையை முன்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அண்ணன் போட்ட துளையிலேயே பிட்டை இறக்குங்கள். அதுவே வழிகாட்டும். நேராகப் பிடித்துச் சுற்றிக்கொண்டே போங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். மறுபக்கம் வரும்வரை முன்னாலிருந்தே போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

முடிந்ததும் ஒரு துணியில் சுற்றி மேலே பரணில் போட்டுவிடுங்கள்.

தம்பி

 

பிப்ரவரி 22

நீ சொன்னபடியே செய்தேன்.

முதல் துளை. முன்பக்கம் மேலே. பிட்டை இறக்கினேன். பாதிவரை வழுக்கிக்கொண்டு போயிற்று, பிறகு மரம் பிடித்தது. சுற்றினேன். அந்தப் பல்சக்கரச் சத்தம் இவ்வளவு நாள் கழித்து அந்த அறையில் கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அது என் மூச்சாகவும் இருக்கலாம்.

பிறகு ஒரு வெடிப்புச் சத்தம்.

திருப்பிப் பார்த்தேன். பிட் கோடு தவறி ஒரு நக அளவு தள்ளி வெளியே வந்திருக்கிறது. அது போகட்டும். துளையைச் சுற்றி மரம் பெயர்ந்து வந்துவிட்டது. என் உள்ளங்கை அளவு ஒரு சிராய். அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய பின்பக்கம்.

உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. யோசித்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். பிரேம் இல்லாத கண்ணாடிக்கு லென்ஸில் துளை போடுகிறவள். முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி. ஒரே பக்கமாகப் போனால் வெளியே வருகிற இடத்தில் சில்லு தெறிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இது தோன்றாமல் இல்லை. மரத்துக்கு வேறு முறை இருக்கும், தம்பிக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

எதிர்வீட்டில் மர வேலை செய்ய வந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடியில ஒரு வேஸ்ட் கட்டை கூடக் குடுக்காம ஒரே பக்கமா போட்டீங்களாம்மா? யாரு சொன்னது?" என்றார். வீட்டு ஆள் என்றேன். "வேலை தெரியாத ஆளா?" என்றார். தெரிந்த ஆள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினாய். ஏன் என்று மட்டும் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

 

மார்ச் 4

அண்ணி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஆமாம். தெரிந்தேதான் எழுதினேன்.

நானும் அண்ணனும் ஒரே மேசையில் சேர்ந்து வேலை செய்ய முடியாது. அப்பா காலத்திலிருந்தே அப்படி. முதன்முதலில் ஒரு முக்காலி செய்தோம். உளி யார் கையில் என்பதில் ஆரம்பித்து அவன் காதில் ரத்தம் வரும்வரை போயிற்று. அப்பா உளியைப் பிடுங்கிக்கொண்டு, "ஒருத்தன் உள்ள இருந்தா இன்னொருத்தன் வெளிய. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறதைப் பார்த்தேன், முக்காலியை அடுப்புல வெச்சுடுவேன்" என்றார்.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. யாரும் பேசி வைத்தது இல்லை. துளை என்றால் முன்பக்கம் அவன், பின்பக்கம் நான். அவன் பாதிவரை போட்டுவிட்டுப் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவான். கூப்பிடமாட்டான். சொல்லமாட்டான். நான் போகிறபோது பின்பக்கம் மேலே இருந்தால் என் முறை. என் பாதியை முடித்துத் திரும்ப அவன் பக்கம் மேலே வைத்துவிட்டு வருவேன். எத்தனை சண்டை நடந்தாலும் அது மட்டும் நிற்காது. வாரக்கணக்கில் பேசாமல் இருப்போம். பலகை மட்டும் திரும்பிக்கொண்டிருக்கும். அலமாரி, புறாக்கூண்டு, உங்கள் தையல் மிஷின் மேசை எல்லாம் அப்படித்தான் ஆனது. உங்களுக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில், "ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா?" என்று நீங்கள் கேட்டீர்களாம். அவன் சொல்லிச் சிரித்தான்.

உங்கள் முதல் கடிதத்தில் ஆறு வாயும் பாதியில் நிற்கிறது, பின்பக்கம் மேலே இருந்தது என்று படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் நினைத்த மாதிரி அவன் நடுவில் நிறுத்தவில்லை. தன் வேலையை முடித்துவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக ஆறு துளையும் போட்டு, திருப்பியும் போட்டுவிட்டு, வெளியே போய்க் காத்திருந்திருக்கிறான்.

எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

நீங்கள் முன்பக்கம் மேலே வைக்க வைக்க அது திரும்புகிறது என்று எழுதினீர்கள். அதை நான் தங்கியிருக்கிற மேன்சன் வராந்தாவில் நின்று படித்தேன். என் அறைக்குள் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. முன்பக்கத்திலிருந்தே முழுசாகப் போட்டுவிட்டால் பின்பக்கம் என்று ஒரு பங்கே இருக்காது. கெட்டுப்போனாலும் நல்லது, அத்தோடு முடியும் என்று நினைத்தேன். எழுதிப் போட்டுவிட்டேன்.

மரம் பெயர்ந்தது என்று படித்தபோது என் கையில் வலித்தது. நாடகம் இல்லை. உண்மையாகவே, கட்டைவிரல் அடியில்.

லீவு கேட்டுவிட்டேன். வருகிறேன்.

தம்பி

 

மார்ச் 15

தம்பி,

வராதே.

நீ சொன்ன பொய்க்காக இல்லை. அதை நான் ஒரு பக்கம் வைத்துவிட்டேன். பொய்யில் உனக்குப் பழக்கம் போதாது. "எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்" என்ற வரியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு காரணம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தினமும் கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு மனிதர் காலையில் வேலைக்குப் போனார். "வரேன்" என்றார். நான் குளியலறையில் இருந்தேன். தண்ணீர் சத்தத்தில் "ம்" என்று சொன்னேனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் கடைசி. அதற்குப் பிறகு ஒரு பலகை திரும்புகிறது. எனக்காக என்று நினைத்துக்கொண்டேன். நான் இருக்கிற வீடு, நான் திறக்கிற கதவு, நான் நேராக வைக்கிற பலகை. வேறு யாருக்காக இருக்கும்?

சில நாள் வேண்டுமென்றே முன்பக்கம் வைத்தேன். திருப்பட்டும் என்று. ஒரு விளையாட்டு மாதிரி. உன்னிடம் முடித்துவிடவேண்டும் என்று எழுதிக்கொண்டே இதையும் செய்தேன்.

இப்போது நீ சொல்கிறாய், உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் நடுவில் நின்று தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரி.

நீ வந்து உன் பாதியைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அவருக்கும் வேலை முடிந்துவிடும். எனக்கு?

வராதே.

அண்ணி

 

மார்ச் 24

அண்ணிக்கு,

சரி. வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன்.

ஒன்று மட்டும். அவன் என்னிடம் உங்களைப் பற்றிப் பேசியதில்லை. எதைப் பற்றியுமே பேசியதில்லை. எனக்குக் கிடைத்ததும் திருப்பிப் போட்ட பலகைதான். உங்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்று நினைக்காதீர்கள்.

தம்பி

 

ஏப்ரல் 6

தம்பி,

நின்றுவிட்டது.

உனக்கு வராதே என்று எழுதிய நாளிலிருந்து பலகை அசையவில்லை. முன்பக்கம் மேலே வைத்தால் முன்பக்கமே மேலே. தினமும் வந்து பார்க்கிறேன். தூசி படிய ஆரம்பித்துவிட்டது. தூசியில் ஒரு கைத்தடம் கூட இல்லை, என்னுடையதைத் தவிர.

சண்டை போடக்கூட ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் துளைகளைப் பார்த்தேன். கடையில் லென்ஸ் பார்க்கிற மாதிரி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

ஆறும் ஒன்றுபோல இல்லை.

நான் கெடுத்த முதல் துளையின் வாய் கறுத்திருக்கிறது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. அப்படியே போய் ஆறாவது இன்னும் புது மர நிறத்தில் இருக்கிறது. ஒரே நாளில் போட்டது இல்லை. நாள் விட்டுப் போட்டிருக்கிறார், ரொம்ப நாள் விட்டு. மூக்குக்கண்ணாடிக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு ஆழம் பார்த்தேன். இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவது அதைவிட ஆழம். நாலாவது, ஐந்தாவது, இன்னும். ஒவ்வொரு தடவையும் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறார்.

ஆறாவதில் கம்பி போய்க்கொண்டே இருந்தது. மறுபக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, துளைக்குள் டார்ச்சை வைத்து, பின்பக்கம் திருப்பினேன். விரலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் சதை சிவப்பாகத் தெரியுமே, அந்த மாதிரி மரம் சிவந்தது. ஒரு பொட்டு அளவு. அவ்வளவு மெல்லிசாக விட்டிருக்கிறார். ஊதினால் திறந்துகொள்ளும்.

வரவர உன் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றா, இனி நீ வரமாட்டாய் என்றா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் முழுசாக முடிக்கவும் இல்லை. அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்த பிறகு உன்னை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

லீவு மறுபடி கேள். கிடைக்காவிட்டால் மூக்கனிடம் திட்டு வாங்கிக்கொண்டு வா.

அண்ணி

 

ஏப்ரல் 29

தம்பி,

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா?

இரண்டு நாள் இருந்தாய், நாம் பேசியது இரண்டு நிமிடம் இருக்குமா? குற்றம் சொல்லவில்லை. உங்கள் குடும்ப வழக்கம்.

நீ உள்ளே வேலை செய்துகொண்டிருந்தபோது பிட் எங்கேயோ மாட்டி, "அடச் சனியனே, வா" என்றாய். நான் அடுப்படியில் இருந்தேன். அப்படியே அவர் குரல். "டீ வேணுமா?" என்று குரல் கொடுத்தேன். "ம், போடு" என்று பதில் வந்தது. நீ என்னிடம் ஒருநாளும் போடு என்று சொன்னவன் இல்லை. நானும் அந்த டீயை உனக்கென்று போடவில்லை. டம்ளரை வாங்கும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அரை நிமிடத்துக்கு நன்றி.

கெட்ட துளையில் சிராயை நீ ஒட்டிய இடம் காய்ந்துவிட்டது. தழும்பு தெரிகிறது. தெரியட்டும்.

இப்போது இரண்டு கேள்வி.

ஆறாவதை ஏன் விட்டாய்? எனக்குக் காட்டும்போது முன்பக்கம் மேலே வைத்து, "நாலுலயும் வெளிச்சம் தெரியுது பாருங்க" என்றாய். பார்த்தேன். நாலும் நேராக இருந்தன. உன் பாதி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி சேர்ந்திருந்தன. ஆறாவதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

இரண்டாவது. உன்னை நிறுத்தத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அறையைத் திறந்தேன். பலகை பின்பக்கம் மேலே இருந்தது. நாம் கிளம்பும்போது பை எடுக்க நீ ஒரு தரம் உள்ளே போனாய். அப்போது திருப்பிப் போட்டாயா?

அண்ணி

 

மே 8

அண்ணிக்கு,

சேர்ந்துவிட்டேன். மூக்கன் திட்டினான், ஆனாலும் அந்த லிஃப்டின் நாலாவது மாடியைத் தனியாகச் சரிபார்க்கப் பயந்துபோய் எனக்காக வேலையைத் தள்ளிவைத்திருந்தான்.

முதல் கேள்வி. மற்ற நாலிலும் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு போகும்போது, ஓர் இடத்தில் திடீரென்று மரம் விட்டுவிடும். கை முன்னால் விழும். அதுதான் அவன் நிறுத்திய இடம். ஒவ்வொரு தடவையும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. எதிரே வந்து நிற்கிற மாதிரி. ஐந்தாவது முடிந்ததும் ஆறாவதில் பிட்டை வைத்தேன். கை மறுத்தது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். கை நன்றாகத்தான் இருந்தது. அதைத் திறக்க ஆள் தேவையில்லை, அண்ணி. ஒரு சுற்று போதும். அதனால்தான் முடியவில்லை. வேலை என்று சொல்ல அங்கே எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அது எனக்காக விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்காக விட்டது இரண்டாவதிலிருந்து ஐந்தாவதுவரை.

இரண்டாவது கேள்வி. பை எடுக்க உள்ளே போனேன். பலகையைத் தொடவில்லை. நீங்கள் பார்த்த மாதிரியே முன்பக்கம் மேலேதான் இருந்தது.

எங்கள் வழக்கத்தை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த வீட்டில் அடுத்த ஆள் என்று இருப்பது ஒருவர்தான்.

தம்பி

 

மே 19

தம்பி,

நீ எனக்கு ஒருமுறை பொய் எழுதியவன். பலகையைத் தொடவில்லை என்பதையும் நான் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உன்னை மறுபடி கேட்கமாட்டேன். போன் செய்தும் கேட்கமாட்டேன். பொய் என்றால் அதை உன்னோடு வைத்துக்கொள். எந்தக் காலத்திலும், எந்தக் கோபத்திலும் என்னிடம் சொல்லிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அறைக்குள் போனேன். டிரில்லை எடுக்கவில்லை. கண்ணாடியின் குட்டி ஆணிகளை முடுக்குகிற திருப்புளி ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும். அது போதும் என்று தோன்றியது. பலகையை நிறுத்தி, இடது கை விரலை முன்பக்கம் ஆறாவது துளையின் வாயில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து நீ பென்சிலால் புள்ளி வைத்திருந்த இடத்தில் அழுத்தினேன். அழுத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

திறந்துகொண்டது.

விரலில் கொஞ்சம் பொடி விழுந்தது. சூடாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. மரப் பொடி.

"ம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் தண்ணீர் எதுவும் ஓடவில்லை.

அப்புறம் கூட்டிப் பெருக்கினேன். முன்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். பூட்டினேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை. கடையிலிருந்து வருகிறேன், அந்தக் கதவைத் தாண்டிப் போய்ச் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். கை சாவிக்குப் போகும். போகட்டும் என்று இருந்துவிடுகிறேன்.

நீ அடுத்து வரும்போது தந்தி வாங்கிக்கொண்டு வா. அவசரம் இல்லை. அதுவரை அது எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி